கோடுகளில் காந்தி

ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) காந்தி நூற்றாண்டான 1969-ல் கறுப்பு மையில் வரைந்த காந்தி உருவங்கள், உருவப்படம் என்றாலே அச்சு அசலான முகச்சாயல்தான் என்ற எண்ணத்தை மறுக்கின்றன. கிட்டப்போய்ப் பாருங்கள்: கோடுகள் ஓரிடத்தில் பின்னி அடர்ந்து நிழலாகின்றன, இன்னோரிடத்தில் சட்டென்று அறுந்து, வெற்றுத்தாளே நெற்றியாகிவிடுகிறது. மை அழிக்க இடம் தராது. ஆகவே தயக்கமும் உறுதியும் அப்படியே தாளில் பதிந்திருக்கின்றன.

காந்தியை அறியாதவர் யார், வட்டக் கண்ணாடியும் வழுக்கைத் தலையும் இருந்தால் எந்தக் கிறுக்கலும் காந்திதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அடையாளங்கள் ஆளைச் சொல்வதோடு சரி. முதுமையையும் களைப்பையும் பிடிவாதத்தையும் சொல்வது கோட்டின் அழுத்தமும் வேகமும்தான். கோடுகளின் இந்தச் சுதந்திரம் பயிற்சியில்லாமல் வந்ததும் அல்ல. சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்ற கை இது; எதை விடலாம் என்பது, எல்லாவற்றையும் வரையத் தெரிந்தவருக்கே பிடிபடும்.

ஓவியம் பயிலும் மாணவர்களே, இந்த ஓவியங்களைப் படமெடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பென்சிலை ஒதுக்கிவிட்டு, மைப்பேனாவால் தெரிந்த ஒரு முகத்தை நேரடியாக வரைந்து பாருங்கள்.