பெயர் தூரத்தில், கை பக்கத்தில்

“வெளிநாட்டு இயக்கம் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடேன், தம்பி. பையனுக்கு ஒரு சக்கர நாற்காலி கிடைக்காதா?”

விடுமுறைக்கு லாபிஸ் திரும்பியபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது. அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது; நடக்க முடியாது. அக்கா இன்னமும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போகிறார்.

லண்டனுக்குக் கடிதம் போட்டால் லாபிஸுக்கு நாற்காலி வந்துவிடுமா? தேடிப் படித்தேன். அனைத்துலக அறநிறுவனங்கள் பெரும்பாலும் நேரடியாக நம் வாசலுக்கு வருவதில்லை. அந்தந்த நாட்டுப் பங்காளி அமைப்புகள் மூலமாகவே செயல்படுகின்றன.

இதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு: ஜொகூர் பாருவில் இருக்கும் செஷயர் இல்லம். லியோனார்ட் செஷயர் ஒரு பிரிட்டிஷ் போர் விமானி. 1945இல் நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததை வானிலிருந்து கண்டவர். 1948இல், புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் போக்கிடமின்றித் தவித்த ஒருவரைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார். அப்படித் தொடங்கிய இல்லம், 1950களில் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும், தொடர்ந்து நம் நாட்டுக்கும் பரவியது.

பெயர் ஒன்றுதான். ஆனால், இங்குள்ள இல்லங்களை நடத்துவது உள்ளூர் நிர்வாகக் குழு. தாங்கி நிற்பது உள்ளூர் நன்கொடை.

ஏன் இப்படி? நாற்காலியைக் கப்பலில் அனுப்பிவிடலாம். சக்கரம் தேய்ந்தால் பழுதுபார்ப்பது யார்? பையன் வளர்ந்து நாற்காலி சிறியதாகிவிட்டால் மாற்றிக் கொடுப்பது யார்? அக்காவிடம் தமிழில் பேசுவது யார்? பக்கத்தில் இருப்பவரால் மட்டுமே முடியும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பணம் தருபவரே எல்லாவற்றையும் தீர்மானித்தால், பங்காளி வெறும் எடுபிடியாகிவிடுவார். அதனால்தான் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. ஒப்பந்தம், தனது 32ஆவது பிரிவில், அனைத்துலக ஒத்துழைப்பில் மாற்றுத் திறனாளிகளின் சொந்த அமைப்புகளையும் பங்காளிகளாகக் குறிப்பிடுகிறது. மலேசியா 2010இல் அந்த ஒப்பந்தத்தை ஏற்றது.

வெளியிலிருந்து வந்த சிந்தனையும் இங்கே வேர்விட வேண்டும். சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்தை, 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் நம் அரசு சோதித்துப் பார்த்தது. இன்று நாடெங்கும் இருக்கும் பி.டி.கே. மையங்கள் அதன் தொடர்ச்சியே.

அக்காவுக்கு நான் லண்டன் முகவரி தரவில்லை. அரசாங்க மருத்துவரின் சான்றுடன் மகனை மாற்றுத் திறனாளியாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு செகாமாட் சமூக நல இலாகாவில் துணைக்கருவி உதவிக்கு மனுச் செய்யலாம் என்று சொன்னேன். பாரங்களை இருவரும் சேர்ந்து பூர்த்தி செய்தோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அக்கா இருக்கலாம். மலாயில் ஒரு பாரம் நிரப்பத் தெரிந்த நீங்களும் அவருக்கு ஒரு பங்காளிதான்.