டோக்கியோவில் உயர்ந்த கொடி

பல நாடுகள் கூடும் விளையாட்டு விழாக்களின் தொடக்க அணிவகுப்பைக் காணுங்கால், நம் கண்கள் நூற்றுக்கணக்கில் அணிதிரண்டு வரும் பெருநாடுகளிற் பதிவதில்லை. கொடியேந்திய ஒருவர், அவர்பின் ஐவரோ அறுவரோ என வரும் சிறுநாடுகளின் மீதே பதிகின்றன. பெருநாட்டிலே ஒருவர் தவறினால் மற்றொருவர் ஈடுசெய்வார். சிறுநாட்டின் வீரனுக்கு அத்தகைய துணை ஏது?

இலங்கையும் இவ்வாறே ஒலிம்பிக் அரங்கிற் புகுந்தது. 1948ஆம் ஆண்டு, சுதந்திரம் பெற்று ஆறு மாதம் நிரம்புமுன், இலண்டன் மாநகரில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தை, 2000ஆம் ஆண்டிற் சிட்னியிலே சுசந்திகா ஜயசிங்க ஈட்டும்வரை, நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. இவை பலரும் அறிந்த செய்திகள். நாம் இங்கு எழுத விழைந்தது மற்றொருவரைப் பற்றி.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதும் நிரம்பவில்லை. மூன்று முறை தொடர்ந்து தவறினாற் போட்டி முடிந்தது என்பது இவ்விளையாட்டின் கடுமையான விதி. அக்காலத்தில், இன்றுபோல் மெத்தென்ற அணையும் இல்லை. மணலிலோ மரத்தூளிலோ விழவேண்டும். முதுகுப்புறமாய்க் கோலைக் கடக்கும் முறையும் பின்னரே பரவிற்று. 1956இல் மெல்போண் ஒலிம்பிக்கிலும் அவர் பங்குபற்றினார். பதக்கம் கிட்டவில்லை.

1958ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கிற்று. அதே வாரத்தில் இலங்கையோ இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. தமிழர் பலர் உயிரிழந்தனர், வீடிழந்தோர் அகதிகளாயினர், 27ஆந் திகதி அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. இத்தகைய நாட்களிலேதான் அத் தமிழ் இளைஞர் இலங்கையின் பெயரால் 2.03 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறடி எட்டங்குலம், பாய்ந்து முதலிடம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கை பெற்ற முதற் பொற்பதக்கம் அதுவே. ஊரிலே அயலவன் அயலவனுக்கு அஞ்சி ஒளிந்திருந்த வேளையில், அந்நிய மண்ணில் நாட்டின் கொடியை உயர்த்தியவர், அக்கலவரத்தில் வேட்டையாடப்பட்ட இனத்தின் மகன். இதனை எண்ணுந்தோறும் நம் உள்ளத்திற் பெருமையும் துயரும் ஒருங்கே எழுகின்றன. எது மிகுதியெனக் கூற இயலவில்லை.

அவ்வுயரத்தை அற்பமெனக் கருதுவோரும் உளர். அவர் மாணவனாய்ப் பங்குகொண்ட ஹெல்சிங்கியில் அமெரிக்கரான வோல்ற் டேவிஸ் பொற்பதக்கம் பெற்ற உயரம் 2.04 மீற்றர். டோக்கியோவிற் பாய்ந்தது அதிலும் ஒரு சென்ரிமீற்றரே குறைவு. ஹெல்சிங்கியில் இரண்டாம் இடம் பெற்றவர் பாய்ந்ததிலும் அதிகம். பாடசாலை மைதானத்திலிருந்து புறப்பட்ட ஒருவன் ஆறாண்டுகளில் அடைந்த உயரம் அது. நம் கல்லூரிகளில் விளையாட்டு வேளையைக் கணிதத்துக்குத் தாரைவார்ப்போர் இதனைச் சிறிது சிந்திப்பாராக!

பாய்ச்சலோடு அவர் கல்வியையும் விடவில்லை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் இலங்கைக்காகப் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். 2024ஆம் ஆண்டிற் காலமானார்.