கையளவு காருக்கு வண்ணம்

1:24 அளவு மாதிரிக் காரில், நான்கு மீட்டர் நீள வண்டி சுமார் 17 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும். ஜப்பானின் தமியா போன்ற நிறுவனங்கள் இவற்றைப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உதிரிகளாக விற்கின்றன. ஒட்டிச் சேர்ப்பது எளிது, வண்ணம்தான் சோதனை.

பாகங்களை முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அடுத்தது பிரைமர் எனும் அடிப்பூச்சு. சில லாக்கர் பெயின்டுகளின் கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால் இதில் சிக்கனம் கூடாது. நிறத்தை ஏர்பிரஷ்ஷாலோ ஸ்ப்ரே டப்பாவாலோ மெல்லிய படலங்களாக அடிப்பார்கள். தடித்தால் கதவு இடுக்குகள் தூர்ந்து, வண்டி வெறும் பொம்மையாகிவிடும். மெட்டாலிக் நிறத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: நிஜக் காருக்கான பெயின்டின் உலோகத் துகள்கள் இந்தச் சிற்றுருவில் ஜிகினாவாகத் தெரியும். மேலே கிளியர் கோட் அடித்து, நன்கு காய்ந்தபின் 2000ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும்.

நுணுக்க வேலைகளில் குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன் தருவது, கதவு இடுக்குகள் எடுப்பாகத் தெரிய அவற்றில் நீர்த்த எனாமல் பெயின்டை ஓடவிடுவது. வெள்ளைக் காருக்குக் கறுப்பு உறுத்தும், சாம்பல் போதும். ஜன்னல் விளிம்பின் குரோமுக்கோ, தூரிகையைவிட ஒட்டும் மெல்லிய உலோகத்தாளே பொருத்தம்.