உங்களுக்குத் தெரியுமா? - ஆலிஸைச் செதுக்கிய குடும்பம்

லூயிஸ் கரோல் எழுதிய ‘ஆலிஸின் அற்புத உலகம்’ 1865இல் வெளிவந்தது. அதில் 42 படங்கள். வரைந்தவர் ஜான் டெனியல் என்பது பலருக்கும் தெரியும். அச்சுக்காக அவற்றை மரத்தில் செதுக்கியது டால்சீல் குடும்பம். பல படங்களின் கீழ் மூலையில் அந்தப் பெயர் பொடி எழுத்தில் இன்றும் இருக்கிறது.

●

டால்சீல்கள் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள வூலர் என்ற ஊர்க்காரர்கள். மூத்தவர் ஜார்ஜ் 1835இல் லண்டனுக்குத் தொழில் கற்க வந்தார். 1839இல் தம்பி எட்வர்டும் வந்து சேர, சொந்தப் பட்டறை பிறந்தது. பிறகு ஜான், தாமஸ். நிறுவனத்தின் பெயர் ‘டால்சீல் சகோதரர்கள்’தான், ஆனால் மார்கரெட் என்ற சகோதரியும் அங்கே பல ஆண்டுகள் செதுக்கினார். மூத்த இருவருக்குத் தங்கை, இளைய இருவருக்கு அக்கா. பெயர்ப்பலகையில் அவருக்கு இடம் இல்லாமல் போனது அநியாயம்தான்.

●

வேலை எப்படி நடந்தது? பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக அறுத்து, வழவழப்பாக இழைத்த பிளாக்கில் படம் இடவலம் மாறி ஏறும். கோடுகளை விட்டுவிட்டு, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தை மட்டும் சிற்றுளியால் தோண்டி எடுப்பார்கள். நிழல் காட்ட ஓவியர் குறுக்கும் நெடுக்குமாகப் பேனாவை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது சில நொடி வேலை. கோடுகளுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு பொடிக் கட்டத்தையும் தனித்தனியாகத் தோண்டுவது செதுக்குபவர் பாடு. ஒரு கோடு உடைந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். இவ்வளவு சிரமம் எதற்கு? மேடாக நிற்கும் கோடுகள் என்பதால், இந்த பிளாக்கை ஈய எழுத்துகளோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் அச்சிடலாம்.

●

ஓவியர் நேரடியாக மரத்தில் வரைந்திருந்தால், செதுக்கி முடித்ததும் மூல ஓவியம் அழிந்துவிடும். சோதனைக்காக அச்சடித்துப் பார்த்த புரூஃப் மட்டுமே மிஞ்சும். 1857இல் வந்த டென்னிசன் கவிதைத் தொகுப்புக்கு வரைந்த ஓவியர் ரோசெட்டி, தம் படங்களை டால்சீல்கள் செதுக்கிய விதம் பிடிக்காமல் கோபப்பட்டார். பென்சில், மை, சாயம் எல்லாம் கலந்து அவர் தீட்டியதைக் கோடாக மாற்றியவர்களின் சிரமத்தையும் யோசிக்கத்தான் வேண்டும்.

●

‘ஆலிஸ்’ படங்கள் அச்சான விதம் டெனியலுக்குத் திருப்தி தரவில்லை. கரோல் 2,000 பிரதிகள் கொண்ட முதல் அச்சையே ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சடிக்க வைத்தார். அச்சுக்குப் போனவை உலோக நகல்கள் என்பதால் மரப் பிளாக்குகள் தேயாமல் தப்பின. 1985இல் லண்டன் வங்கிப் பெட்டகம் ஒன்றில் அவை கிடைத்தன.

●

புகைப்பட முறையில் பிளாக் செய்யும் வசதி வந்ததும் மரச்செதுக்குத் தொழில் சரிந்தது. 1893இல் நிறுவனம் திவாலானது. அவர்கள் பத்திரப்படுத்திய சுமார் 54,000 புரூஃப்களை பிரிட்டிஷ் மியூசியம் 1913இல் வாங்கியது. இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன; வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பெரிதாக்கிப் பாருங்கள்.