சதுரங்கப் பயிற்சியும் பொருட்செலவும்

சதுரங்கத்தில் முன்னேற விழைவோர்க்கென இன்று பாடத்தொடர்கள் பல இணையவழி விற்கப்படுகின்றன. அவற்றைப் பணங்கொடுத்து வாங்குதல் தகுமோ என்னும் வினாவுக்கு விடைகாண, ஆட்டத்திறன் வளரும் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

சேஸ், சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1973 இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். உண்மை ஆட்டமொன்றின் காய்நிலையை 5 விநாடி காட்டி மறைத்தபோது, வல்லவர் பெரும்பாலான காய்களை மீண்டும் உரிய இடத்தில் வைத்தார். காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்தபோதோ, அவரும் புதியவரைப் போலவே தடுமாறினார். எனவே, வல்லமை வெறும் நினைவாற்றலன்று. பழகிய அமைப்புகளை இனங்காணும் திறனே அது.

அத்திறன் பிறர் உரைப்பதைக் கேட்பதனால் மட்டும் வாராது. தானே ஆடி, கணித்து, பிழைகண்டு திருத்துவதனாலேயே வரும். 1948 இல் உலகச் சாம்பியனான பொத்வினிக், தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்வதை வற்புறுத்தினார். இதற்குப் பொருட்செலவில்லை. லிசெஸ் தளத்தில் புதிர்களும் கணினி ஆய்வும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆதலின், வசதியற்ற மாணவன் மனந்தளர வேண்டுவதில்லை.

பாடத்தொடர் பயன்படும் இடமும் உண்டு. கோட்டை இறுதியாட்டத்தில் தான் அடிக்கடி தவறுவதை உணர்ந்த ஒருவனுக்கு, அதனை ஒழுங்குபடுத்தி, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் வினவும் தொடர் காலத்தை மிச்சப்படுத்தும். காரணமறியாது மனனஞ்செய்த தொடக்க நகர்வுகளோ, எதிராளி வேறுவழி சென்றதும் கைகொடா.

வாங்குமுன் தன் தோல்விகளை ஆராய்தலும், வாங்கியதை முடிக்குமுன் வேறொன்றை நாடாமையும் அறிவுடைமையாகும்.