ஒன்றின் தளர்ச்சியை மறைக்கும் மற்றொன்று

கண் பார்க்கிறது, காது கேட்கிறது, மூக்கு முகர்கிறது என்று பஞ்சேந்திரியங்களுக்குத் தனித்தனி வேலை வகுத்துச் சொல்வது பள்ளிப் பாடத்துக்குச் சௌகரியமான முறையே தவிர, அன்றாட வாழ்வில் அவை அவ்விதம் தனித்து இயங்குவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் நலமில்லாத ஒருவருடைய வேலையை மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாமலே பகிர்ந்துகொள்வதுபோல, ஒரு புலன் தளரும்போது மற்றவை அதன் பாரத்தைத் தாங்குகின்றன. இது பெரும் அனுகூலம்தான். ஆயினும், தளர்ந்த புலனை உடையவருக்கே அந்தத் தளர்ச்சி நெடுநாள் வரை தெரியாமற் போய்விடுகிறது.

ருசியில் மூக்கின் பங்கு

நாக்கு தானே அறியும் சுவைகள், நவீன உடலியலின்படி, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றுடன் 1908-ல் ஜப்பானிய ரசாயன அறிஞர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றில் இனங்கண்டு பெயரிட்ட ‘உமாமி’ ஆகிய ஐந்துதாம். அறுசுவையில் நாம் எண்ணும் கார்ப்பும் துவர்ப்பும் இதில் இல்லை. மிளகாயின் காரம், கொதிநீர் பட்டால் சுடுவதை அறிவிக்கும் அதே நரம்பு வாயிலைத் திறப்பதால் உண்டாவது. வாழைப்பூவின் துவர்ப்போ, உமிழ்நீரின் வழவழப்புக் குறைந்து வாய் சொரசொரப்பதால் எழும் ஸ்பரிச உணர்ச்சி. உண்பதை முழு அனுபவமாகக் கருதிய நம் முன்னோர் ஸ்பரிசத்தையும் சுவைக் கணக்கிற் சேர்த்தது நியாயமே என்பது என் அபிப்பிராயம்.

எனினும் ருசியின் பெரும்பகுதி மூக்கினுடையது. மெல்லும்போது உணவின் வாசனை தொண்டையின் பின்வழியே ஏறி மூக்கின் மேற்பகுதியை அடைகிறது. ஜலதோஷம் பிடித்தவருக்குப் பெருங்காய ரசமும் வெறும் புளிநீராகத் தோன்றுவது அந்த வழி அடைபடுவதால்தான். முதுமையில் இந்தச் சக்தி மெல்லக் குறையும். குறைந்ததை அறியாத பெரியவர் சமையலில் ருசியில்லை என்று சமைத்தவரை நொந்துகொள்வார்; பிறகு தாமே உப்பைக் கூட்டிக்கொள்வார். அத்தகையவருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் விளைவு விபரீதம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனையில்லை, கசிவு தெரியவேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். மோப்பம் இழந்தவர் தனியே சமைக்கும் வீட்டில் கசிவை ஒலியெழுப்பி அறிவிக்கும் கருவி ஒன்று இருப்பது அவசியம்.

கண்ணாற் கேட்பது

1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்னும் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு விசித்திரத்தை வெளியிட்டனர். ‘பா’ என்ற ஒலியைக் காதுக்கும், ‘கா’ என்று உச்சரிக்கும் முகத்தைக் கண்ணுக்கும் ஒருசேர அளித்தபோது, பெரியவர்களிற் பெரும்பாலோர் இரண்டுமல்லாத ‘டா’வைக் கேட்டதாகக் கூறினர். நாம் எல்லோரும், அறியாமலே, பேசுபவரின் உதட்டைப் படித்துக்கொண்டுதான் கேட்கிறோம். 2020-ல் முகக்கவசம் உதடுகளை மறைத்தபோது, தம் காது மந்தமாகியிருப்பதைப் பலர் முதன்முறையாக உணர்ந்தனர். நேரிற் பேசினால் சரியாகப் பதில் சொல்லும் ஒருவர் தொலைபேசியில் மட்டும் ‘என்ன, என்ன’ என்று கேட்பாரானால், காது பரிசோதனைக்கு அதுவே போதிய காரணம்.

புலன்கள் முரண்படும்போது

கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில், பேருந்தில் புத்தகம் படித்தபடி ஏறுபவருக்குத் தலைசுற்றி வாந்தி வருவதன் காரணம், உட்செவி அசைவையும் கண் அசைவின்மையையும் ஏககாலத்தில் அறிவிப்பதே. முன் இருக்கையில் அமர்ந்து சாலையை நோக்கினால் பிணக்குத் தணியும்.

நிற்பதற்கு மூன்று துணை

நாம் விழாமல் நிற்பது, உட்செவியின் அரைவட்டக் குழல்கள், கண், பாதமும் மூட்டுகளும் அனுப்பும் உணர்ச்சி ஆகிய மூன்றின் ஒத்துழைப்பால். 19-ம் நூற்றாண்டில் பெர்லின் வைத்தியர் மோரிட்ஸ் ரோம்பெர்க், முதுகுத்தண்டு நோயுற்ற சிலர் கண் திறந்திருக்கையில் நேராக நின்று, மூடியவுடன் தள்ளாடுவதைக் கண்டு எழுதிவைத்தார். அவர் பெயரால் வழங்கும் பரிசோதனையை நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்படாதிருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. பகலில் கண் அந்தக் குறையை ஈடுசெய்துவிடுவதால் நடையில் மாறுபாடு தெரிவதில்லை. முகத்திற் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய கணத்தில் உடல் ஆடுவதும், மின்சாரம் நின்ற இரவில் சுவரைத் தேடுவதும் அதன் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். கண்புரையும் சேர்ந்துவிட்டாலோ, மூன்று துணைகளில் இரண்டு போய்விடுகின்றன; குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதற்கு ஈரத் தரையை மட்டும் பழிப்பது முறையன்று.

படுக்கையிலிருந்து குளியலறை வரையில் இரவெல்லாம் சிறு விளக்கு எரியட்டும். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கட்டும். நீரிழிவுள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் மெல்லிய நைலான் இழையொன்றால் உள்ளங்காலைப் பல இடங்களில் அழுத்தி, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்பார். வலியில்லாத, சில நிமிஷங்களில் முடிந்துவிடும் காரியம் அது.