வெளிநாட்டில் பதிவான ஒருபாலினத் திருமணமும் நம் நாட்டுச் சட்டமும்



வல்லக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் பல நாட்டவர் பணிக்கு வருகின்றனர். நம் பிள்ளைகளும் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். ஆகவே, முன்பு நம் செவிக்கு எட்டாத கேள்விகள் இன்று ஜும்ஆவுக்குப் பின் கேட்கப்படுகின்றன. ஆணும் ஆணும், அல்லது பெண்ணும் பெண்ணும், வேறொரு நாட்டில் சட்டப்படித் திருமணம் செய்துகொண்டு இங்கு வந்தால், இந்திய அரசு அவர்களைத் தம்பதியராக ஏற்குமா? ஏற்றால் பள்ளிவாசல்களுக்கும் கட்டாயம் வருமா?

மார்க்கத்தின் நிலை ஐயத்திற்கு இடமற்றது. நிகாஹ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம். இதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நீதிமன்றமும் இதைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆனால் அரசு ஏட்டில் பதிவாவது என்பது வேறு விஷயம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதாலேயே வதந்திகள் பிறக்கின்றன.

ஒரு நாட்டில் முறைப்படி நடந்த திருமணத்தை மற்ற நாடுகளும் ஏற்பது பொது வழக்கம். எனினும், தன் அடிப்படைக் கொள்கைக்கு முரணானதை ஒரு நாடு மறுக்கலாம். இந்த மறுப்பு நமக்குப் புதிதன்று. பலதார மணத்திற்கு இடமளிக்கும் முறையில் நடந்த திருமணத்தை 1866இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அந்நாட்டில் அரசுப் பதிவின்றி நிகாஹ் மட்டும் செய்த ஒரு பெண்ணின் வழக்கில், அது சட்டத்தின் பார்வையில் திருமணமே ஆகாது என 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அல்லாஹ்விடத்தில் மனைவி, அரசின் ஏட்டில் அந்நியப் பெண்! மகளை வெளிநாட்டு மணமகனுக்குக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சமயத்தவரும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஜமாஅத் தஃப்தர் மட்டும் போதாது.

இனி, கேட்கப்பட்ட கேள்விக்கு வருவோம். 2001இல் நெதர்லாந்து தொடங்கிவைத்த ஒருபாலினத் திருமணச் சட்டம் 2019இல் தைவானையும் 2025இல் தாய்லாந்தையும் எட்டியுள்ளது. 2017இல் அமெரிக்காவில் மணம் செய்துகொண்ட இரு ஆண்கள், நியூயார்க்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதைப் பதிவு செய்ய விண்ணப்பித்தனர். விண்ணப்பம் ஏற்கப்படாததால் 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றனர். 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தில் மணமகனுக்கு 21 வயது, மணமகளுக்கு 18 வயது என நிபந்தனை உள்ளது. மணமகன், மணமகள் என்ற அவ்விரு சொற்களின் மீதே வழக்கு நின்றது.

இது போன்ற மனுக்கள் அனைத்தும் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன. விசாரணையின் தொடக்கத்திலேயே, சமயங்களின் தனியார் சட்டங்களுக்குள் புகப்போவதில்லை என நீதிபதிகள் அறிவித்துவிட்டனர். எனவே நிகாஹ் அங்கே வழக்குப் பொருளே அன்று. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் மனுக்களை எதிர்த்துத் தன் வாதத்தை முறைப்படி தாக்கல் செய்தது. கருத்தைச் சொல்லும் அழகிய வழி அதுவே, தெருவில் கூச்சலிடுவதன்று. 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமையன்று, சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போயினர். ஆகவே வெளிநாட்டுச் சான்றிதழ் அவர்களை இங்கே தம்பதியர் ஆக்காது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மற்றவர் வாரிசு ஆகார்.

ஆயினும் அவர்கள் குற்றவாளிகள் அல்லர். வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை 2018இலேயே உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. மார்க்கம் பாவம் எனக் கூறும் அனைத்தையும் நாட்டுச் சட்டம் குற்றம் எனக் கூறுவதில்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும் பரிகசிப்பதையும் திருமறை தடுத்திருப்பதை இவ்விடத்தில் மறந்துவிடுகிறோம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்த வழக்கு பெற்றோர் அறிய வேண்டியது. தன் தோழியுடன் வாழ விரும்பிய ஓர் இளம்பெண்ணைக் குடும்பத்தார் அடைத்து வைத்திருந்தனர். வயதுவந்த பெண்ணைத் தடுத்துவைக்கக் கூடாதென்ற நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் கூறியது. அடித்தும் பூட்டியும் பிள்ளையைத் திருத்தப் போகிறோம் என்போர் சட்டத்தாலும் பிடிபடுவர், பிள்ளையையும் இழப்பர். துஆவும் கனிந்த பேச்சும் பெற்றோரின் கையில் எப்போதும் உள்ளன.

தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரிய மனுக்களை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தகையோரின் அன்றாட இடர்களை ஆராய மத்திய அரசு 2024இல் ஒரு குழுவை அமைத்தது. ஒரே ரேஷன் அட்டையில் இடம்பெறவும் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் தடையில்லை என அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. திருமணம் என்ற தகுதி மட்டும் வழங்கப்படவில்லை.